பென்சில் கோடு மேலே

கொட்டாஞ்சேனை
22 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? வருடப்பிறப்பு உங்களுக்கு நன்றாகக் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கழிந்தது, அவ்வளவுதான். நிரோஷா இன்னமும் ரொறன்ரோவில் தமக்கையோடு இருக்கிறாள். எப்போது வருகிறாய் என்று மனைவியிடம் கேட்டால் குளிர் குறையட்டும் என்கிறாள். அங்கே குளிர் குறைந்து எத்தனையோ நாளாகிவிட்டது.

இந்தக் கையெழுத்தைக் கண்டு நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். என் பிள்ளை ராகுலனின் செத்தவீட்டு அன்று, இனிமேல் உனக்கும் எனக்கும் கதை பேச்சு இல்லை என்று கேற்றடியில் நின்று சொன்னவர் நீங்கள். கதைக்கிறதில்லை என்றுதான் சொன்னீர்கள், எழுதுகிறதில்லை என்று சொல்லவில்லை. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் அந்தச் சொல்லை நானும் காப்பாற்றுகிறேன். போன் எடுக்க மாட்டேன், உங்கள் வாசலில் வந்து நிற்கவும் மாட்டேன்.

விசயம் இதுதான். மேபல் முட்டை இட்டிருக்கிறது. ராகுலன் வளர்த்த வெங்கிணாந்திப் பாம்புதான் மேபல். ஆபிரிக்க இனம், மூன்று முழத்துக்கு மேல் வளராது, பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். அவன் போனபின் அதை யாரிடமாவது கொடுத்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். தண்டவாளத்துக்கு அப்பால், கடற்கல்லில் கிடந்த அவனுடைய பைக்குள்ளிருந்து உயிரோடு கிடைத்தது அது ஒன்றுதான். எப்படிக் கொடுப்பேன்?

போன கிழமை அவனுடைய அறையைக் கூட்டப் போனேன். கண்ணாடித் தொட்டிக்குள் ஆறு முட்டைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, மேபல் அவற்றைச் சுற்றிக் கிடந்தது. குட்டியாக இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது இன்னொரு பாம்பைக் கண்டதே இல்லை.

இவற்றில் ஒன்றாவது பொரிக்க வேண்டும், அண்ணை. அவன் கைபட்டு வளர்ந்ததில் மிச்சம் இதுதான். இன்கியூபேற்றர் ஒன்று தேவை. பேலியகொடை மீன் சந்தையில் ஐஸ் போட்டு வைக்கிற ரிஜிபோம் பெட்டிக்குள் சூடாக்கும் வயரை விட்டு நாமே செய்யலாமாம். இல்லையென்றால் தெமட்டகொடையில் கோழி முட்டைக்கு விற்கிற மெசின் இருக்கிறது. எதை எடுக்கட்டும்? விலங்கியல் படித்தவர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான்.

முட்டை பொரித்தால் நீங்கள் இந்த வீட்டுக்கு வரவேண்டும். நானே கேற்றைத் திறந்துவிடுவேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி யோகன்


வெள்ளவத்தை
27 ஏப்ரல் 2024

யோகபாலனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் கேட்டதற்கு நன்றி. முழங்கால் அப்படியேதான். லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகிறது. திருத்த வேண்டிய சங்கத் தலைவர் முதலாம் மாடியில் இருக்கிறார், நான் நாலாம் மாடியில் இருக்கிறேன். இந்த நாட்டைப் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை.

நீ ஒன்றை வசதியாக மாற்றி எழுதியிருக்கிறாய். கேற்றடியில் முதலில் வாயைத் திறந்தவன் நீ. “உள்ள வராதேங்கோ. அவனைப் பாக்கிற முகம் உங்களுக்கு இல்லை” என்று ஊர் முன்னால் சொன்னாய். நான் கொண்டுவந்த மாலையை யாரோ வாங்கி மதிலில் வைத்தார்கள். அது வெயிலில் வாடுவதை உன் வீட்டு ஒழுங்கை முடக்கில் நின்று பார்த்தேன். உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் நான். நீ மறந்திருப்பாய். எனக்கு மறதி என்பது வாய்க்கவில்லை.

வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் குறைவு. காலி வீதியில் ஏசி மண்டபத்தில் மைக் பிடித்துக் கத்துகிற ஒருவனிடம் எல்லாரும் போகிறார்கள். அவனுக்குக் கற்பித்ததும் நான்தான். எனக்கு வாய்த்தது தண்டவாளக் கரையில் இருக்கிற அதே பழைய மேல்மாடி. ரயில் போகும்போது யன்னல் எல்லாம் நடுங்கும். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஓய்ந்ததும் விட்ட இடத்தில் தொடருவேன்.

பாம்புக்கு வருவோம். ஆண் இல்லாமலே சில வெங்கிணாந்திகளுக்குக் கரு உண்டாவது உண்டு. கன்னிப்பிறப்பு என்போம். மிக அரிது. பெரும்பாலும் கூழ்முட்டையாகத்தான் இருக்கும். கைப்போன் வெளிச்சத்தை முட்டையோடு ஒட்டிப் பிடித்துப் பார். சிவப்பாக நரம்பு ஓடினால் உயிர், வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் குப்பை. முதலில் அதைப் பார். இல்லாத குஞ்சுக்குப் பெட்டி தேடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இந்திரபாலன்


கொட்டாஞ்சேனை
3 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் படி ஏறி இறங்குவதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. மருந்தெண்ணெய் ஏதாவது போடுகிறீர்களா? நான் சுகம்.

நீங்கள் சொன்னபடி அறையை இருட்டாக்கி வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன். ஒரு முட்டை மஞ்சள். மற்ற ஐந்திலும் நரம்பு ஓடுகிறது, அண்ணை. பிறந்த அன்று ராகுலனின் காதை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தபோது இப்படித்தான் தெரிந்தது. நெடுநேரம் கையை எடுக்க முடியவில்லை. மேபல் என் மணிக்கட்டில் தாடையை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து பார்த்தது.

ஒரு விசயம் கேட்க வேண்டும். முன்பொரு நாள் அவன் சொன்னான், “அப்பா, எப்பவாவது மேபல் முட்டை போட்டா, எடுக்கிறதுக்கு முதல் மேல்பக்கத்தில பென்சிலால கோடு போடவேணும்.” ஏனடா என்று கேட்டேன். “பெரியப்பாட்டக் கேளுங்கோ. அவர்தான் படிப்பிச்சவர்” என்றான். கோடு போட்டுவிட்டேன். எதற்கென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்கியூபேற்றரும் சொல்லுங்கள். தெமட்டகொடை மெசின் முட்டைகளைத் தானே திருப்பித் திருப்பி வைக்குமாம். மீன் பெட்டிக்குள் வைத்தால் வைத்தபடியே கிடக்கும். எது நல்லது?

உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கும்,
தம்பி யோகன்


வெள்ளவத்தை
6 மே 2024

யோகபாலனுக்கு,

நலம். எண்ணெய் போடுகிறேன், பலன் இல்லை.

ஐந்தில் உயிர் என்றால் அதிசயந்தான். நீ அதைக் காதோடும் கன்னத்தோடும் முடிச்சுப் போடாதே. கலம் பிரிகிறது, நரம்பு வருகிறது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மீன் பெட்டி வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் பேலியகொடை நாற்றம் போகாது, பூஞ்சணம் பிடிக்கும். மெசினையே வாங்கு. சூடு முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும். உள்ளே ஈரம் வேண்டும், ஆனால் முட்டையின் மேல் தண்ணீர் சொட்டக்கூடாது. தானே சூடாக்கும், தானே திருப்பும், நீ கை வைக்கத் தேவையில்லை. உன்னைப் போன்ற பொறுமையில்லாதவனுக்கு அதுதான் சரி.

பென்சில் கோடு எண்ணிக்கைக்காகப் போடுவது. பெரிதாக ஒன்றும் இல்லை. பெடியன் எதையும் பாதி கேட்டு முழுதாகச் சொல்லுகிறவன்.

இன்னொன்று. முட்டை பொரித்தால் வீட்டுக்கு வரலாம் என்று எழுதியிருந்தாய். பொரிக்காவிட்டால் வரக்கூடாதா? ஊர் முன்னால் என்னைத் திருப்பி அனுப்பியதற்கு நீ சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை ஒரு பாம்பின் வயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். நான் கூப்பிட்டால் வருகிற ஆள் இல்லை, சொல்ல வேண்டியதைச் சொன்னால் வருகிற ஆள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

இந்திரபாலன்


கொட்டாஞ்சேனை
17 மே 2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே விடாத மழை. உங்கள் பக்கமும் அப்படித்தானே? மேல்மாடியில் ஒழுக்கு இருந்தால் வாளி வையுங்கள், வழுக்கி விழுந்துவிடாதீர்கள்.

உங்கள் சொல்லைக் கேட்டு மெசினை வாங்கிவிட்டேன். கடைக்காரன் ரிப்கான் என்று ஒரு பகிடிக்காரன்.

“கோழியா, காடையா?” என்றான்.

“வெங்கிணாந்தி.”

“அட அல்லாஹ்! வாப்பா காலத்திலேர்ந்து விக்கிறோம், பாம்புக்குக் கேட்ட மொத ஆள் நீங்கதான். பொரிச்சதும் என்னையத் தேடி வந்துராதீங்க, ராசா. கேரன்டி கோழிக்கு மட்டுந்தான்.”

இப்போது அது ராகுலனின் மேசைமேல் இருக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் உர்ரென்று உறுமிக்கொண்டு தட்டைச் சாய்க்கிறது. முட்டைகள் மெல்லப் புரள்கின்றன. நீங்கள் சொன்னபடி நான் கை வைக்கவில்லை.

ஆனால் இரண்டு விசயம். தொட்டியின் மூடியைத் தள்ளிக்கொண்டு மேபல் வந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப உள்ளே விட்டேன், திரும்பத் திரும்ப வந்து மெசினைச் சுற்றிக் கிடக்கிறது. இப்போது அப்படியே விட்டுவிட்டேன். மற்றது, மெசின் என்னதான் புரட்டினாலும் காலையில் நான் கதவைத் திறக்கும்போது ஐந்து முட்டையிலும் பென்சில் கோடு நேர் மேலே நிற்கிறது. யாரோ ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்து வைத்த மாதிரி. வீட்டில் என்னைவிட வேறு யார்?

நான் இன்னும் ஏதாவது கவனிக்க வேண்டுமா, அண்ணை? சொல்ல விட்டுப்போனது ஏதாவது உண்டா?

அன்புடன்,
தம்பி யோகன்


வெள்ளவத்தை
27 மே 2024

யோகபாலனுக்கு,

சுகம். ஒழுக்கு இருக்கிறது, வாளியும் இருக்கிறது. பதில் தாமதம். வினாத்தாள் திருத்த இருந்தது.

தட்டு சாய்ந்து மறுபடி பழைய நிலைக்கு வரும், கோடு அதனால் மேலே நிற்கும். இதற்குப் பேய் தேவையில்லை. பாம்பு சூட்டுக்காக மெசினைச் சுற்றுகிறது. அதற்குத் தாய்ப்பாசம் என்று பெயர் வைக்காதே.

நீ கேட்டதற்கு, ஈரத்தைப் பார்த்துக்கொள். வேறொன்றும் இல்லை.

இந்திரபாலன்


கொட்டாஞ்சேனை
4 யூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடிதம் சின்னதாக இருந்தது. உங்களுக்குச் சுகமில்லையோ என்று யோசித்தேன். என்னைக் கேட்டால் முன்பைவிட நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், இரண்டு பேருக்கு உலை வைத்தால் ஒருவன் கூடுதலாகச் சாப்பிடுவான் போலிருக்கிறது.

முட்டைகள் கொழுத்து நிற்கின்றன. மெசின் புரட்டிக்கொண்டே இருக்கிறது. காலையில் கோடு மேலேதான். நேற்று மத்தியானம் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தேன். தட்டு சாய்ந்தது. முட்டைகள் சாயவில்லை. மேபல் தலையைத் தூக்கி, மேசைக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு றஞ்சிதம் அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னா, “யோகன், பெடியனுக்கு இருமல் போல. இஞ்சி அவிச்சுக் குடுக்கிறதுதானே?” சொல்லிவிட்டு, ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டா. முகம் வெளிறிவிட்டது, பாவம். அறையில் கடல் மணல் கிடக்கிறது, தினமும் கூட்டி அள்ளுகிறேன். இங்கிருந்து கடற்கரை எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணை, ஒன்று கேட்கிறேன். கோபிக்க வேண்டாம். அன்று உங்கள் வகுப்பு முடிய முன்னமே அவன் ஏன் தண்டவாளத்தில் நின்றான்? செத்தவீட்டில் இதைத்தான் கேட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. அதனால்தான் உள்ளே விடவில்லை.

முட்டையைப் பற்றியும் மறுபடி கேட்கிறேன். சொல்ல விட்டுப்போனது எதுவும் இல்லையா? ராகுலன் கேட்கச் சொல்கிறான்.

தம்பி யோகன்


வெள்ளவத்தை
7 யூன் 2024

அன்புள்ள யோகனுக்கு,

உன் கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். என் உடம்பை விடு. உன் உடம்புதான் எனக்குப் பயமாக இருக்கிறது. “கேட்கச் சொல்கிறான்” என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பலதரம் படித்தேன். தனி வீட்டில், செத்த பிள்ளையின் அறையில், ஒரு பாம்போடு நாள் முழுக்க இருந்தால் யாருக்கும் மூளை கலங்கும். நிரோஷாவிடம் போ. அல்லது அவளைக் கூப்பிடு. ஒரு டொக்டரைப் பார்.

அன்று வகுப்பு நேரத்தோடு முடிந்தது. அவ்வளவுதான்.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. அந்த மெசினின் திருப்புகிற பகுதியை உடனே நிறுத்து. கோழிக்குஞ்சுக்கு முட்டையைத் திருப்ப வேண்டும், பாம்புக்குத் திருப்பக்கூடாது. இட்ட முதல் நாளோடு கரு மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு அமுங்கி, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பென்சில் கோடு அதற்குத்தான். எது மேல்பக்கம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ராகுலனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அவன் பாதியாகக் கேட்கவில்லை, முழுதாகத்தான் கேட்டிருந்தான்.

உனக்கு எழுத விட்டுப்போயிற்று. இப்போது காலம் பிந்தியிருக்கலாம். ஆனாலும் நிறுத்து. கோடு மேலே இருக்கும்படி வைத்துவிட்டுத் தொடாதே.

உடனே பதில் எழுது.

அண்ணன்


வெள்ளவத்தை
15 யூன் 2024

அன்புள்ள யோகனுக்கு,

என் போன கடிதம் கிடைத்ததா? நீ நலமா? பதில் இல்லை. தபாற்காரனைக் கேட்டால் “எழுதினாத்தானே ஐயா வரும்” என்கிறான், மரியாதை கெட்டவன்.

போனை இரண்டு தரம் எடுத்தேன். உன் இலக்கம் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே என்று வைத்துவிட்டேன். நேற்றுப் பகல் பஸ் ஏறினேன். கதைப்பதற்கு இல்லை. மெசின் நின்றுவிட்டதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பலாம் என்றுதான். கோயில் முன்னால் இறங்கி உன் ஒழுங்கை முடக்கில் நின்றேன். அன்று நின்ற அதே இடம்.

நீ சந்திக் கடையிலிருந்து பாணும் கையுமாக வந்தாய். மெலிந்திருக்கிறாய். என்னைக் காணவில்லை. நீ கேற்றைத் திறக்க முன்னமே உன் மேல்வீட்டு யன்னல், அவனுடைய அறை யன்னல், உள்ளிருந்து சாத்தப்பட்டது. காற்று இல்லை. கொடியில் கிடந்த துணி அசையவில்லை. கையைக் கண்டேன். கை மட்டும்தான், மணிக்கட்டு வரை. யன்னலைச் சாத்திவிட்டு, தூசு தட்டுவது போல விரலை உதறியது.

யாரை வைத்திருக்கிறாய்? அறையை வாடகைக்கு விட்டாயா? விட்டிருந்தால் ஒரு வரி எழுது, என் மனம் ஆறும். படிக்கிற பெடியன் யாராவது என்றால் நல்லதுதான், உனக்குத் துணை. அதை மட்டும் எழுது. முட்டையைப் பற்றி எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


கொட்டாஞ்சேனை
24 யூன் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் கையில் இருக்கின்றன. நாங்கள் சுகம். இஞ்சி அவித்துக் கொடுத்தபிறகு இருமலும் குறைவு.

ஐந்தும் பொரித்துவிட்டன. முட்டை முதலில் சுருங்கிப் பள்ளம் விழுந்தது, நான் பயந்தேன். பிறகு உள்ளிருந்து பிளேட்டால் கீறினது போல ஒரு கோடு. அதற்குள்ளிருந்து ஒரு மூக்கு. முழுதாக வெளியே வராமல் தலையை மட்டும் நீட்டி, ஒரு பகல் முழுக்க அறையைப் பார்த்துக்கொண்டு இருந்தன. மேபல் வந்து ஒவ்வொன்றாக நாக்கால் தொட்டுப் பார்த்தது.

நீங்கள் திகைப்பீர்கள். முட்டையைப் புரட்டினால் செத்துப்போகும் என்று எனக்கு முதலிலேயே தெரியும், அண்ணை. கைப்போனைத் தட்டினால் வருகிற விசயத்தை இவன் ஏன் கடிதம் எழுதிக் கேட்கிறான் என்று நீங்கள் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. திருப்புகிற மோட்டரைக் கடையில் வைத்தே கழற்றுவித்தேன். ரிப்கான் சிரித்தான், “கழுத்த முறிச்சிட்டுக் கோழி வாங்குற மாதிரி இருக்கே” என்றான். முட்டைகள் ஒரு நாளும் அசையவில்லை. புரள்கின்றன என்று நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும், நீங்கள் உண்மையைச் சொல்வதற்கு ஓர் இடம் விட்டு எழுதினேன்.

அது எனக்கும் ராகுலனுக்கும் ஒரு பந்தயம். “பெரியப்பா சொல்லமாட்டார். முட்டை சாகட்டும் எண்டு இருப்பார்” என்றேன் நான். “சொல்லுவார் அப்பா. கொஞ்சம் சுணங்கும், ஆனா சொல்லுவார்” என்றான் அவன். உங்கள் இரண்டாவது கடிதம் வந்தபோது நான் சிரித்தேன். மூன்றாவது வந்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலாவது கடிதத்தை உடைத்து அவன்தான் வாசித்துக் காட்டினான். அவன் வென்றுவிட்டான். அதனால் கேற் திறந்திருக்கிறது.

அன்றைக்கு நடந்ததையும் சொன்னான். உங்கள் வகுப்பில் ஊர்வன பாடம் என்று மேபலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தானாம். பெட்டைப்பிள்ளைகள் கத்தினார்களாம். “இது மிருகக்காட்சிச்சாலை இல்லை, வெளியே போ” என்று சொன்னீர்களாம். மழை தூறினபடியால் குறுக்குவழி என்று தண்டவாளத்தால் நடந்தானாம். ரயிலைக் கண்டதும் முதலில் பையைத்தான் கடற்கரைப் பக்கம் எறிந்தானாம். கோபமில்லை என்கிறான். பாடம் பாதியில் நின்றதுதான் கவலையாம்.

நீங்கள் யன்னலில் கண்டதைக் கேட்டிருந்தீர்கள். வாடகைக்கு விடவில்லை. வருகிற ஞாயிறு வகுப்புக்கு வரப்போகிறான். நேரத்துக்கு வந்துவிடுவான். தண்டவாளப் பக்கத்தால் போகாதே, காலி வீதியால் போ என்று சொல்லியிருக்கிறேன். தலையாட்டினான். ஆனால் உங்களுக்குத் தெரியும், அவன் ஒருத்தர் சொல்வதைக் கேட்கிறவன் இல்லை.

அன்புடன்,
தம்பி யோகன்


வெள்ளவத்தை
1 யூலை 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நேற்று வகுப்பு நடந்தது.

வேறு பாடம்தான் எடுப்பதாக இருந்தது. ஊர்வன எடுத்தேன். பிள்ளைகள் முறைத்துப் பார்த்தார்கள், “சேர், இது முடிஞ்ச பாடமெல்லோ?” என்றாள் ஒருத்தி. முடியவில்லை, பாதியில் நின்றது என்றேன்.

அவன் இருந்து படித்த பின்வரிசை வாங்கை நான் போன வருடத்திலிருந்து யாருக்கும் இருக்கக் கொடுப்பதில்லை. நேற்று அந்தப் பக்கம் நேராகப் பார்க்காமல்தான் படிப்பித்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது பையின் சிப் இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. “எல்லாரும் பாருங்கோ” என்றேன். எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் கத்தவுமில்லை.

வகுப்பு முடிந்த பிறகும் ஒருவரையும் எழும்ப விடவில்லை. கதவை மூடி, முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். “ஏன் சேர், பஸ் போயிரும்” என்று முணுமுணுத்தார்கள். ரயில் போகட்டும் என்றேன். யன்னல்கள் நடுங்கின. ரயில் போய், சத்தம் ஓய்ந்து, கடல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் கதவைத் திறந்தேன்.

எல்லாரும் போனபின் வாங்கைக் கூட்டினேன். கடல் மணல் கிடந்தது. நடுவில் ஒரு முட்டைக் கோது, காய்ந்து தோல் மாதிரிச் சுருண்டிருந்தது. பென்சில் கோடு மேலே இருக்கும்படிதான் வைத்திருந்தான். மேசை லாச்சிக்குள் அப்படியே வைத்திருக்கிறேன். புரட்டவில்லை.

இந்த வெள்ளி பின்னேரம் உன் வீட்டுக்கு வருகிறேன். மாலை ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன், இந்தமுறை நானே போடுவேன்.

அடுத்த ஞாயிறும் அவனை அனுப்பு. பாம்பையும் கொண்டுவரட்டும்.

அண்ணை